ஆரம்பப்பள்ளி ஆண்டில் உங்கள் பிள்ளையின் உடல்நலம்: பெற்றோர் எதிர்பார்க்க வேண்டியவை



உங்கள் பிள்ளை முதலாம் ஆண்டில் காலடி எடுத்து வைக்கும் நாள் வந்துவிட்டது. சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் வாங்கியாகிவிட்டது. பெயர் எழுதி ஒட்டும் வேலையும் முடிந்திருக்கும். இனி இந்த ஓராண்டில் பள்ளியில் உங்கள் பிள்ளையின் உடல்நலம் தொடர்பாக என்னென்ன நடக்கும், அதில் பெற்றோரின் பங்கு என்ன என்பதை இக்கையேடு விளக்குகிறது.

சுங்கை சோ, செரண்டா, ரவாங் சுற்றுவட்டாரத்திலும், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. பெற்றோர் இருவரும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வீடுகள் இங்கு அதிகம். பல வீடுகளில் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது தாத்தாவோ பாட்டியோதான். ஆகவே, இதை வீட்டில் உள்ள அனைவரும் படியுங்கள். படிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கு வரும் தாதியரும் பல் மருத்துவக் குழுவினரும் பல வேலைகளை இலவசமாகச் செய்து தருகிறார்கள். ஆனால், அவர்களால் செய்ய முடியாத சில வேலைகள் உண்டு. படிவத்தில் கையெழுத்திடுவது, பிள்ளையின் பழைய நோயைப் பற்றி ஆசிரியரிடம் சொல்வது, காலையில் பசியாற வைத்து அனுப்புவது, கடிதம் வந்தால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது ஆகியவை உங்கள் கையில்தான் உள்ளன.

பள்ளி தொடங்கும் முன்

2026ஆம் ஆண்டிலிருந்து பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முந்திய டிசம்பர் விடுமுறையிலேயே இவற்றைச் செய்து வையுங்கள்:

• பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த உடல்நலப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். போட்ட ஊசிகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். விட்டுப்போன ஊசி இருந்தால் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள். தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

• புத்தகம் தொலைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். எந்தக் கிளினிக்கில் ஊசி போட்டீர்களோ அங்கேயே சென்று கேளுங்கள்.

• ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, நீரிழிவு, உணவு அல்லது மருந்து ஒவ்வாமை இருந்தால், அதை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணோடு, நீங்கள் வேலையில் இருக்கும்போது அழைக்கக்கூடிய இன்னொருவரின் எண்ணையும் அதில் எழுதுங்கள்.

• ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பையில் இன்ஹேலர் எப்போதும் இருக்கட்டும். அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிச் சுகாதாரக் குழு வரும் நாள்

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சுகாதாரக் குழு பொறுப்பேற்றுள்ளது. தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய தமிழ்ப்பள்ளிக்கும் அக்குழு வரும். முதலாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் மாணவர்களை முழுமையாகப் பரிசோதிப்பார்கள். உயரமும் எடையும் அளப்பார்கள். கண்பார்வை, காது, தோல், தலைமுடி, பொதுவான உடல்நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குழு வரும் தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும். பள்ளி உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்.

முதலாம் ஆண்டில் இரண்டு தடுப்பூசிகள் உண்டு. ஒன்று தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கு எதிரானது. மற்றொன்று டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் நோய்க்கும், டெட்டனஸ் எனும் இசிவு நோய்க்கும் எதிரானது. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகளின் பாதுகாப்பைப் பலப்படுத்துவதற்காக இவை போடப்படுகின்றன. "சின்ன வயதில் போட்டாச்சு, இனி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. காலப்போக்கில் குறையும் எதிர்ப்பு ஆற்றலை இந்த ஊசி மீண்டும் உயர்த்துகிறது.

இந்நோய்கள் மறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2016இல் டிப்தீரியா நம் நாட்டில் மீண்டும் தலைகாட்டியது. பிள்ளைகளின் உயிர்களும் பறிபோயின. 27 ஆண்டுகளாக இல்லாதிருந்த போலியோ, 2019 டிசம்பரில் சபாவில் ஒரு குழந்தைக்குக் கண்டது. தட்டம்மை இருமலிலும் தும்மலிலும் பரவும். பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் அந்நோயாளியின் அருகில் இருந்தால், ஒன்பது பேர் வரை தொற்றிக்கொள்ளும் அளவுக்கு அது வேகமானது. ஒரே வேனில் நெருக்கமாக உட்கார்ந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

பையில் வரும் அந்தப் படிவம்

ஊசி போடுவதற்கு முன் பெற்றோரின் சம்மதப் படிவம் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும். இதில்தான் பல குடும்பங்களில் தவறு நேர்கிறது. படிவம் புத்தகங்களுக்கிடையில் கசங்கிக் கிடக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அல்லது, மலாயில் இருக்கிறதே என்று பாட்டி அதை அலமாரியில் வைத்திருப்பார். கையெழுத்து இல்லாவிட்டால் தாதியால் ஊசி போட முடியாது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்க, உங்கள் பிள்ளை மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க நேரிடும்.

படிவத்தில் காணப்படும் சில மலாய்ச் சொற்களின் பொருள் இதோ:

• ஈபு பாப்பா / பெஞ்ஜாகா: பெற்றோர் / பாதுகாவலர்
• ஸெதுஜு: சம்மதிக்கிறேன்
• தீடாக் ஸெதுஜு: சம்மதிக்கவில்லை
• அலாஹான்: ஒவ்வாமை
• பெனியாகிட்: நோய்
• தண்டாதங்கான்: கையெழுத்து
• தாரிக்: தேதி

ஒவ்வாமை, நோய் பற்றிய கேள்விகளுக்கு உண்மையான பதிலை எழுதுங்கள். புரியாத இடத்தைக் காலியாக விடாமல், வகுப்பாசிரியரிடம் கேட்டு நிரப்புங்கள். சம்மதிப்பதா என்று தயக்கம் இருந்தால் கையெழுத்திடும் முன் கிளினிக் தாதியிடம் பேசுங்கள். கேள்வி கேட்பதில் தவறே இல்லை. படிவத்தைத் திருப்பித் தராமல் இருந்துவிடுவதுதான் பிள்ளைக்கு இழப்பு.

ஊசி போடும் நாளில் பிள்ளை பசியாறிவிட்டுப் போக வேண்டும். வெறும் வயிற்றோடும் பயத்தோடும் இருக்கும் பிள்ளைக்கு மயக்கம் வரக்கூடும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்ல வேண்டாம். "எறும்பு கடித்த மாதிரி இருக்கும், சட்டென்று முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள். அன்று மாலை கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ச்சல் இருந்தால் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமோல் கொடுக்கலாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், உடல் முழுவதும் தடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் அல்லது 999ஐ அழையுங்கள்.

குழு வரும் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, விடுப்பில் இருந்தாலோ, அந்த ஊசி தவறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எங்கே, எப்போது போட்டுக்கொள்ளலாம் என்று பள்ளியிடம் அல்லது சுகாதாரக் கிளினிக்கிடம் கேளுங்கள்.

"மக்கு" அல்ல, கண் தெரியவில்லை

ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் உள்ளதை எழுதச் சொன்னால் பாதிதான் எழுதியிருக்கும். எழுத்துகளை மாற்றிப் போட்டிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்க்கும். வகுப்பில் "கவனம் இல்லை" என்பார்கள். வீட்டில் "சோம்பேறி" என்று திட்டு விழும். சில வேளை பிரம்பும் விழும். ஆனால், அந்தப் பிள்ளைக்குப் பலகை மங்கலாகத் தெரிகிறது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியதால், எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. தானாக வந்து "எனக்குக் கண் தெரியவில்லை" என்று சொல்லாது.

இதனால்தான் முதலாம் ஆண்டுக் கண் பரிசோதனை முக்கியமாகிறது. வீட்டிலும் இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

• தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருதல்
• கண்ணைச் சுருக்கி அல்லது தலையைச் சாய்த்துப் பார்த்தல்
• வாசிக்கும்போது வரி தப்பிப் போதல்
• அடிக்கடி கண்ணைக் கசக்குதல், தலைவலி என்று சொல்லுதல்
• ஒரு கண் மட்டும் விலகி நிற்பது

பரிசோதனையில் குறை தெரிந்தால் தாதி ஒரு கடிதம் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட கிளினிக்குக்கோ மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ செல்லுங்கள். தள்ளிப் போடாதீர்கள். ஒரு கண் மட்டும் பலவீனமாக இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே விட்டுவிடும். சிறு வயதில் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்பது தவறான எண்ணம். தேவைப்படும் கண்ணாடியைப் போடாமல் இருப்பதுதான் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கும். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. ஆகவே, தினமும் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் ஓடி விளையாட விடுங்கள்.

காதுக்கும் இதே கதைதான். இரண்டு மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிற பிள்ளை, பிடிவாதக்காரப் பிள்ளையாக இல்லாமல் இருக்கலாம். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு விட்டுக் குடைவது வேண்டாம். சீழ் வடிந்தாலோ, காது கேட்பதில் சந்தேகம் இருந்தாலோ கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள்.

கண்ணும் காதும் நன்றாக இருந்தும் வாசிக்கவோ எண்ணவோ சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு உண்டு. பிள்ளை அதில் சேர்க்கப்பட்டால் அவமானமாக நினைக்காதீர்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை அடைவு நிலை குறிக்கப்படுகிறது. அந்த எண்ணை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், போன தவணையில் உங்கள் பிள்ளை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

புதிய கடைவாய்ப் பல்

பல் மருத்துவக் குழு ஆண்டுதோறும் ஆரம்பப்பள்ளி மாணவர்களைப் பரிசோதிக்கிறது. சில இடங்களுக்கு நடமாடும் பல் மருத்துவ வண்டி வரும். சில இடங்களில் வகுப்பறையிலேயே மடக்கு நாற்காலி போட்டுச் சிகிச்சை நடக்கும். மாணவர்களுக்கு இச்சிகிச்சை இலவசம்.

ஆறு, ஏழு வயதில் பால்பற்கள் விழத் தொடங்கும். அது எல்லாருக்கும் தெரியும். பலர் அறியாத ஒன்று உண்டு. அதே வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் நான்கு புதிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். சொத்தையாகிப் போனால் இவற்றுக்குப் பதில் வேறு பல் முளைக்காது. இவற்றின் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களில் உணவு எளிதில் தங்கிவிடும். அதனால், தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சையாளர் அப்பள்ளங்களை அடைத்துப் பாதுகாப்புப் பூச்சு இடுவார். இதற்கும் உங்கள் சம்மதம் கேட்கப்படும்.

காலையும் இரவும் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் பல் துலக்க வேண்டும். எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிப்பது நல்லது. இரவு பல் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள். படுக்கும்போது புட்டியில் பால், மைலோ கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஆண்டோடு நிறுத்துங்கள்.

பசியாறல், உறக்கம், புத்தகப்பை

வேன் ஆறு மணிக்கே வந்துவிடுகிறது, பிள்ளைக்கு அந்நேரத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று பெற்றோர் பலர் சொல்வார்கள். அப்படியானால் ஒரு வாழைப்பழம், ஓர் அவித்த முட்டை, ஒரு தம்ளர் பால் போதும். மீதிக்கு இரண்டு தோசையோ, ரொட்டியோ, இட்லியோ டப்பாவில் வைத்து அனுப்புங்கள். காலை பத்து மணி வரை வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளையின் கவனம் பாடத்தில் நிற்காது.

வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆர்எம்டி எனப்படும் கூடுதல் உணவுத் திட்டம் உள்ளது. 1979 முதல் இது நாடு முழுவதும் நடந்து வருகிறது. தகுதி பற்றிப் பள்ளியில் கேட்டு விண்ணப்பியுங்கள். வெட்கப்பட ஏதுமில்லை. மதிய உணவிலும் இரவு உணவிலும் "கால், கால், பாதி" முறையைக் கடைப்பிடியுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும் இருக்கட்டும். குடிப்பதற்குச் சிராப்புக்குப் பதில் வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

இவ்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காலை ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் இரவு எட்டரைக்குள் படுக்கையில் இருக்க வேண்டும். தொடர் நாடகம் முடியும் வரை பிள்ளையும் விழித்திருந்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது.

புத்தகப்பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2 கிலோ. இரவே கால அட்டவணையைப் பார்த்துத் தேவையான புத்தகங்களை மட்டும் அடுக்கினால், படிவமும் கடிதமும் உங்கள் கண்ணில் படும்.

எப்போது பள்ளிக்கு அனுப்பக்கூடாது?

• காய்ச்சல்: காய்ச்சல் முழுவதும் விடும் வரை வீட்டில் இருக்கட்டும். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள்.

• கை, கால், வாய்ப்புண் நோய்: மருத்துவர் சொல்லும் வரை அனுப்ப வேண்டாம். பள்ளிக்கும் வேன் ஓட்டுநருக்கும் தெரிவியுங்கள்.

• அம்மை: கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்க வேண்டும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை வைப்பதும் அம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் நம் வழக்கம். அதில் தவறில்லை. அந்த நம்பிக்கையால் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதில்தான் ஆபத்து. காய்ச்சல், இருமல், கண் சிவத்தலோடு தடிப்பு வந்தால் அது தட்டம்மையாக இருக்கலாம். உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.

• பேன், சிரங்கு: மருந்து போட்டால் குணமாகும். பிள்ளைக்கு மட்டும் போட்டால் திரும்பவும் வந்துவிடும். வீட்டில் உள்ள அனைவருக்கும் பார்க்க வேண்டும்.

டிங்கிக் காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டில் டிங்கிச் சம்பவங்கள் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கக்கூடும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கடும் வயிற்றுவலி இருந்தாலோ, ஈறில் அல்லது மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டிங்கி என்று சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரோபன் மருந்துகளைக் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது உடல்நலத்திற்குக் கேடான நிலை. ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் திடலில் விளையாட விடாதீர்கள்.

காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

முதல் சில வாரங்களில் அழுகை, காலையில் வயிற்றுவலி, இரவில் படுக்கையை நனைத்தல் போன்றவை வரலாம். புதிய இடத்துக்குப் பழகும் வரை இது இயல்பு. திட்டாமல், "இன்று யாரோடு விளையாடினாய்? கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரியுமா?" என்று மெதுவாகக் கேளுங்கள். கழிவறைக்குப் போக ஆசிரியரிடம் கேட்கத் தெரியாமல் நாள் முழுவதும் அடக்கி வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு மாதத்துக்கு மேலும் பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால், அல்லது உடலில் காயம் இருந்தும் காரணம் சொல்லத் தயங்கினால், வகுப்பாசிரியரையும் கிளினிக்கையும் நாடுங்கள்.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

1. தினமும் மாலையில் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள்.
2. சம்மதப் படிவத்தை மறுநாளே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.
3. கடிதம் வந்தால் அதே வாரத்தில் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான்.
4. பிள்ளையின் நோயையும் ஒவ்வாமையையும் ஆசிரியரிடம் மறைக்காதீர்கள்.
5. திட்டுவதற்கு முன், கண்ணும் காதும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.

வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாள் சம்பளம் போய்விடும் என்ற கவலை பலருக்கு உண்டு என்பதை அறிவோம். மைசெஜாத்ரா செயலியின் வழி பல சுகாதாரக் கிளினிக்குகளில் முன்பதிவு செய்யலாம். செயலி இல்லாதவர்கள் கிளினிக் முகப்பில் கேட்டு ஏற்ற நேரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அரை நாள், உங்கள் பிள்ளை அடுத்த ஆறு ஆண்டுகள் பலகையைத் தெளிவாகப் பார்த்துப் படிக்க உதவும்.

மேல்விவரங்களுக்கு உங்கள் பள்ளிக்குப் பொறுப்பான சுகாதாரக் கிளினிக்கின் தாதியை அணுகுங்கள்.